கரும்புத் தொட்டிலில் சுமந்த பிள்ளை



தைப்பூசத்தன்று பத்துமலையில் நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பால்குடம், மயில் காவடி, அலகுக் காவடி என்று கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஓர் இளம் தம்பதி வருவார்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் துணியைத் தொட்டிலாகத் தொங்க விட்டிருப்பார்கள். முன்னால் அப்பா தோள் கொடுப்பார், பின்னால் அம்மா. தொட்டிலுக்குள் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு பச்சைக் குழந்தை. வெளியே உறுமிச் சத்தம் காதைப் பிளக்கும். உள்ளே அது நிம்மதியாகத் தூங்கும். 272 படி. வெயில், நெரிசல், தோளை அறுக்கிற கரும்பு. ஆனால் அந்த இரண்டு பேர் முகத்திலும் ஒரு சுளிப்பு இருக்காது. "முருகா, நீ கொடுத்த பிள்ளை, உன்கிட்ட காட்டக் கொண்டு வந்திருக்கோம்" என்ற ஒரே நினைப்புதான்.

அதே வீட்டை நாலு வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். அம்மா வேலைக்குப் போகணும். அப்பா மோட்டாரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு வாசலில் நிற்கிறார். பிள்ளையைப் பாலர் பள்ளியில் விடணும். ஒரு காலுறையைக் காணோம். மைலோ சட்டையில் கொட்டிவிட்டது. தேடித் தேடிப் பார்த்தால், காலுறை குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கிறது. அப்போது வீட்டில் இருந்து ஒரு குரல் கேட்கும்: "எங்கிருந்துதான் இது எனக்குன்னு வந்து சேர்ந்துச்சோ!"

எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கே தெரியும். பத்துமலையில் அவரே பதில் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நம் சமயத்தின் ஆழமான கேள்விகளில் ஒன்று. பிள்ளை எங்கிருந்து வருகிறது? சைவ சித்தாந்தம் என்ன சொல்கிறது? உயிர் அநாதி. அதை யாரும் உண்டாக்கவில்லை. இறைவன்கூட உயிரைப் படைக்கவில்லை. உயிருக்கு வேண்டிய உடம்பு, கருவிகள், உலகம், அனுபவம் ஆகிய நாலையும் கொடுக்கிறான். தனு கரண புவன போகம் என்று சமய வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இதை அப்படியே ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். உடம்பு அம்மா அப்பா வழியாக வந்தது. உலகம் என்பது அந்தக் குழந்தைக்கு முதல் ஐந்து வருஷம் நம் மூணு அறை வீடுதான். அனுபவம் என்பது நாம் பேசுகிற பேச்சு, ஊட்டுகிற சோறு, போடுகிற சத்தம். ஆக, இறைவன் கொடுப்பதை எல்லாம் நம் கை வழியாகத்தான் கொடுக்கிறான். கை நம்முடையது. பிள்ளை நம்முடையது இல்லை. உன் வயசுக்கும் என் வயசுக்கும் எவ்வளவு முந்தியதோ, அவ்வளவு முந்திய ஓர் உயிர் அது. இந்தப் பிறவியில் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மெய்கண்டார் கதை தெரியுமா? பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்பவருக்குப் பிள்ளை இல்லை. குலகுருவான சகலாகம பண்டிதரிடம் போகிறார். அவர் திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கிறார். சம்பந்தர் பாடிய திருவெண்காட்டுப் பதிகம் வருகிறது. அதை நம்பித் திருவெண்காட்டில் வேண்டிப் பெற்ற பிள்ளைதான் பிற்காலத்தில் சிவஞான போதம் தந்த மெய்கண்டார். அவரும், இன்றைக்கு நாம் சொல்வோமே, வேண்டுதல் பிள்ளை. சின்ன வயதிலேயே பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்று, மற்றவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிவிடுகிறார். குலகுருவுக்குப் பொறுக்கவில்லை. "நான் கயிறு சாத்தி வந்த பிள்ளை, என்னை வந்து பார்க்கவில்லையே" என்று கோபம். நேரே போய், "ஆணவ மலம் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார். குழந்தை வாய் திறக்கவில்லை. நின்றுகொண்டிருந்த பெரியவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தது. 'இதோ, இப்படி நிற்கிறதே, இதுதான்.' அவ்வளவு படித்த பெரியவர் அந்தக் கணமே விழுந்து வணங்கினார். அவர்தான் அருணந்தி சிவாசாரியார்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் சில நேரம் அப்படிப் பார்க்கும். நாம் கத்திக்கொண்டிருக்கும்போது ஒன்றும் பேசாமல் மேலும் கீழும் பார்க்கும். "என்னடா முறைக்கிறே?" என்று அதற்கும் ஒரு திட்டு விழும்.

"ஐயா, எனக்கு இருபது வயசு, கல்யாணமே ஆகலை, எனக்கு எதுக்கு இது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உங்களில் பலர் வீட்டில் அக்கா பிள்ளை இருக்கிறது, அண்ணன் பிள்ளை இருக்கிறது. சிலர் ஞாயிறு சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். இன்னும் ஐந்தாறு வருஷத்தில் கரும்பு உங்கள் தோளுக்கு வரும். அப்போது இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

இப்போது சீகாழிக்குப் போவோம். சம்பந்தர் பால் உண்ட கதை எல்லாருக்கும் தெரியும். திருமுறை ஓதும் போட்டிக்குப் போனவர்கள் ஒப்பித்தே இருப்பீர்கள். அதை அம்மையும் அப்பனும் வந்த அற்புதமாகத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஒருமுறை அதை ஒரு தகப்பன் கதையாகப் படித்துப் பாருங்கள்.

சிவபாத இருதயர் குளிக்கக் கிளம்புகிறார். மூணு வயசுப் பிள்ளை பின்னாலேயே வருகிறது. அவர் திரும்பிப் பார்த்து, கோபப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "போ வீட்டுக்கு" என்று விலக்குகிறார். பிள்ளை விடுமா? கிண்கிணி கட்டின காலைத் தரையில் உதைத்து அழுகிறது. கடைசியில் அவர், "உன் பிடிவாதம் இதுன்னா, சரி வா" என்று கூட்டிக்கொண்டு போகிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியது. நேற்றுச் சாயங்காலம் பசாருக்குக் கிளம்பும்போது உங்கள் வீட்டு வாசலில் நடந்தது இல்லையா இது?

குளக்கரையில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு அவர் நீரில் இறங்குகிறார். மூழ்கியபடியே மந்திரம் செபிக்கிற நியமம் ஒன்று உண்டு, அதற்காக முழுகுகிறார். கரையில் இருக்கிற பிள்ளைக்கு அப்பாவைக் காணோம். அழத் தொடங்குகிறது. முன்னை உணர்வு மூண்டெழுந்தது, தந்தையைக் காணாதது அதற்கு ஒரு சாக்கு என்கிறார் சேக்கிழார். அது அந்தத் தெய்வப் பிள்ளைக்கு. நம் பிள்ளைகளுக்கு அது சாக்கு இல்லை, அதுதான் காரணம். அப்பாவைக் காணோம், அழுகிறது.

இந்த இடத்தில் எல்லாரும் கைப்பேசியைப் பற்றிச் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஆனால் அதைவிட முக்கியமாக வேறொன்றைக் கவனியுங்கள். சிவபாத இருதயர் கெட்ட காரியத்துக்காக மூழ்கவில்லை. அனுட்டானத்துக்காக மூழ்கினார். நல்ல காரியத்திலும் ஒரு மனிதன் மூழ்கிப் போக முடியும். நம் இயக்கத்து இளைஞர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு மூணு வாரம் முன்பிருந்தே தண்ணீர்ப் பந்தல் வேலை, நன்கொடை வசூல், கூட்டத்துக்கு மேல் கூட்டம். இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் பிள்ளை தூங்கிவிட்டது. காலையில் அது எழுந்திருக்கும் முன் நாம் வேலைக்குப் போய்விட்டோம். ஒரு வாரம் பிள்ளைக்கு அப்பாவைக் காணோம். யாரும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அப்பா சாமி வேலைக்குத்தான் போயிருக்கிறார். அதனாலேயே இது ஆபத்து. சாமிதான் நம்ம அப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போகுது என்று ஒரு நாலு வயசுப் பிள்ளை முடிவு பண்ணிவிட்டால், அதை மாற்ற எந்தச் சமய வகுப்பாலும் முடியாது.

கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கூட்டத்தை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தேமுக்காலுக்கு முடிக்கிறோமே, அதில் பாதி நேரம் எதில் போகிறது என்று நமக்குத் தெரியாதா? பிள்ளை இருக்கிறவர்களை முதலில் பேச விட்டு அனுப்பிவிடலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் முகம் சுளிக்காமல் இருக்கலாம். சிவபாத இருதயரும் கூட்டிக்கொண்டுதானே போனார்?

கதையில் அடுத்து வருவதுதான் எனக்குச் சுடும் இடம். அம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டிவிட்டுப் போய்விட்டாள். தகப்பனார் நீரிலிருந்து எழுந்து வருகிறார். பிள்ளையின் வாயில் பால் ஒழுகுகிறது. "யார் கொடுத்த எச்சில் பாலைக் குடிச்சே? காட்டு!" என்று கோபத்தோடு ஒரு குச்சியை எடுத்து ஓங்குகிறார். அப்படியே நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற ரோத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த உலகத்துக்கே கிடைக்காத பேறு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பெற்ற அப்பாவுக்குத் தெரியவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது எச்சில் மட்டும்.

எனக்கும் இது நடந்தது. என் மகளுக்கு அப்போது நாலு வயசு. விநாயகர் சதுர்த்தி. மனைவி கொழுக்கட்டை அவித்துத் தட்டில் வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் கோயிலில் எனக்குத் தேவார வகுப்பு. அவசரமாகக் குளித்துவிட்டுச் சாமி மேடைக்கு வந்தேன். பிள்ளையாருக்கு முன்னால் பாதி கடித்த ஒரு கொழுக்கட்டை. பக்கத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு மகள். "எச்சில் பண்ணிட்டியே!" என்று கத்தினேன். கை தானாகக் கதவுப் பக்கம் போயிற்று. அடிக்கவில்லை. ஆனால் எடுத்தேன்.

அவள் அழுதுகொண்டே சொன்னது: "சூடா இருக்கான்னு பார்த்தேன்ப்பா. பிள்ளையாருக்கு வாய் சுட்டுடும்ல?"

அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போதெல்லாம் அவள் அம்மா முதலில் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் ஊட்டுவார். அன்பு என்றால் அப்படித்தான் செய்வார்கள் என்று பிள்ளை பார்த்து வைத்திருக்கிறது. கண்ணப்பர் இறைச்சியை வாயில் போட்டுப் பதம் பார்த்துப் படைத்தார் என்று வருஷா வருஷம் மற்ற பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். என் வீட்டில் நடந்தபோது எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உண்மையான நஷ்டம். அதற்கு முன் அவள் ஓடி வந்து சாமி மேடையில் பூ வைப்பாள். தானாக ஏதாவது பேசுவாள். அந்த நாளுக்குப் பிறகு பூவைக் கையில் எடுத்ததும் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். பிள்ளையாரைப் பார்க்க வேண்டிய கண் என்னைப் பார்த்தது. அது மாற எத்தனையோ மாசம் ஆயிற்று. ஆசாரம் வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. சுத்தமாகப் படைக்கப் பழக்கத்தான் வேண்டும். "அடுத்த தடவை அம்மாகிட்ட கேளு, அம்மா சூடு பார்த்துத் தருவாங்க" என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

ரோத்தானை எடுக்காதவர்களும் நம் வீடுகளில் வேறொரு ஆயுதத்தை எடுப்பதுண்டு. "சாப்பிடலைன்னா சாமி கண்ணைக் குத்தும்." "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்." பாட்டி சொன்னார், அம்மா சொன்னார், நாமும் சொல்கிறோம். பூச்சாண்டி, போலீஸ்காரர், சாமி எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எந்தச் சாமி, யார் கண்ணைக் குத்தினார்? காளத்தியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாமி கண்ணில் இரத்தம் வழிந்தது. அன்பர் தன் கண்ணைத் தோண்டி அப்பினார். இரண்டாவது கண்ணையும் தோண்டப் போனபோது இறைவன் கை நீட்டித் தடுத்தான். ஒரு கண் போகாமல் தடுத்த சாமியை, கண்ணைக் குத்துகிற சாமியாக்கி ஒரு பருக்கைச் சோற்றுக்காகப் பிள்ளையைப் பயமுறுத்துகிறோம். அந்தப் பிள்ளை பதினாறு வயசில் பயம் தெளிந்ததும் சாமியையும் சேர்த்து உதறிவிட்டுப் போகிறது. பிறகு "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பக்தி இல்லை" என்று நாமே மேடை போட்டுப் பேசுகிறோம்.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? பெரிதாக ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஏழு, ஏழரைக்கு எல்லாரும் வீடு வந்து சேர்ந்த பிறகு ஒரு விளக்கு. அடுக்குமாடி வீட்டில் தனிப் பூசையறை இருக்காது. சமையலறைப் பக்கம் ஓர் அலமாரித் தட்டு போதும். தீக்குச்சியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். மணியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு பிள்ளை இருந்தால் மணிக்குச் சண்டை வரும். ஒருத்தருக்கு மணி, ஒருத்தருக்குப் பூ, நாளைக்கு மாற்றிக்கொள்ளட்டும். ஒரே ஒரு தேவாரம், அதையே ஒரு மாசம் பாடுங்கள். முழுப் பதிகமும் பாடி முடிக்கும் வரை மூணு வயசுப் பிள்ளை கைகட்டி நிற்கணும் என்று எதிர்பார்த்தால், அது சாமி கும்பிடுவது இல்லை, தண்டனை. தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகள் நம்மில் நிறைய. பரவாயில்லை, காதால் கேட்கட்டும். பாடி முடிந்ததும் பிள்ளை நெற்றியில் நீங்கள் விபூதி பூசுங்கள். பிறகு குனிந்து உங்கள் நெற்றியை அதன் கைக்குக் காட்டுங்கள். மூக்கெல்லாம் பூசிவிடும். பூசட்டும். சுவாமிமலையில் அப்பனே மகனுக்கு முன்னால் காது கொடுத்துக் கேட்டான். நாம் நெற்றி கொடுப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இளம் அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரியில் வெள்ளம், பிரசவத்துக்கு வர வேண்டிய தாயால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. மகள் வலியில் தனியாக இருந்தாள். இறைவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து நின்றபோதுதான் முதலில் வந்தது யார் என்று தெரிந்தது. பிள்ளைக்குத் துணி மாற்றுவதும் இரவில் எழுந்து பால் கலக்குவதும் பெண்கள் வேலை என்று சொல்லிக்கொண்டு கட்டிலில் திரும்பிப் படுக்கிறவர்கள், நெற்றியில் பூசியிருக்கிற விபூதி யாருடையது என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளட்டும்.

சீகாழிக் கதையை விட்ட இடத்தில் முடித்துவிடுகிறேன். குச்சியை ஓங்கிய தகப்பனுக்கு முன்னால் பிள்ளை ஒரு விரலால் வானத்தைச் சுட்டிக் காட்டிப் பாடியது. முதல் திருமுறையின் முதல் பதிகம் அது. அந்தக் கைக்குச்சி என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியாது. ஆனால் அதே தகப்பன் பிறகு பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக நடந்தார். திருக்கோலக்காவில் பிள்ளைக்குப் பொற்றாளம் கிடைத்தது. இன்னொரு நாள் திருநெல்வாயில் அரத்துறைக்குப் போகும் வழியில், சம்பந்தர் அப்பாவின் தோளில் ஏறவில்லை. தன் சின்னப் பாதத்தால் தானே நடந்து போனார். அங்கேதான் இறைவன் முத்துச் சிவிகை கொடுத்தான். அதற்குப் பிறகு பிள்ளைக்கு அந்தத் தோள் தேவைப்படவில்லை. வெறுந்தோளோடு பின்னால் நடந்த அந்த அப்பாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயசு. போன தைப்பூசத்தில் பத்துமலை ஏறினோம். பாதிப் படியில் நின்று, "அப்பா தூக்கவா?" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேணாம்ப்பா. நீங்களே மூச்சு வாங்குறீங்க" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

திருச்சிற்றம்பலம்.